சிறு வயது ஓட்டிசமும் குடும்பமும்: மட்டக்களப்பு, அம்பாறைப் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஓட்டிசம் இருக்குமோ என்ற ஐயம் எழுந்துவிட்டால், வாகரையிலிருந்து பொத்துவில் வரை எந்த வீட்டிலும் ஏறத்தாழ ஒரே கேள்விகள்தாம் கேட்கப்படுகின்றன. அவற்றுக்கு ஆய்வுகள் தரும் விடைகளை இந்த இரு மாவட்டங்களின் நிலைமையோடு பொருத்தி இங்கே எழுதியிருக்கிறோம். ஒரு பிள்ளையைப் பற்றிய முடிவை அப்பிள்ளையை நேரில் பார்த்த மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

ஓட்டிசம் ஒரு நோயா?

காய்ச்சலைப் போல் வந்து போகும் நோயன்று. மூளை வளரும் விதத்தில் பிறப்புக்கு முன்பிருந்தே உள்ள வேறுபாடு அது. மற்றவரோடு பார்வை, சைகை, சொல் ஆகியவற்றைப் பரிமாறுவதில் இடர்ப்பாடு இருக்கும். ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்தல், வழக்கம் மாறினால் தாங்க முடியாமை, ஒலியையோ தொடுகையையோ மிகையாக உணர்தல் போன்றவையும் சேர்ந்திருக்கும். இதை 1943இல் 11 பிள்ளைகளைப் பற்றிய கட்டுரையில் விரிவாக எழுதியவர் அமெரிக்காவில் பணியாற்றிய மனநல மருத்துவர் லியோ கானர். நன்றாகப் பேசும் பிள்ளையும் ஒரு சொல்லும் பேசாத பிள்ளையும் இன்று இதே பெயருக்குள் வருவதால், ஒரு பிள்ளைக்கு நடந்ததை வைத்து இன்னொரு பிள்ளையின் எதிர்காலத்தைச் சொல்ல முடியாது.

“ஆம்பிளைப் பிள்ளை பிந்தித்தான் பேசும், தகப்பனும் அப்படித்தான்” என்கிறார்கள். காத்திருக்கலாமா?

பேச்சு மட்டும் பிந்தியிருந்து மற்றவை யாவும் சரியாக இருக்கும் பிள்ளைகள் உண்டு. அவர்களிற் பலர் பின்னர் ஏனையோரை எட்டிப் பிடிப்பதும் உண்மை. ஆனால் ஓட்டிசத்தை ஐயுறும்போது முதலிற் பார்க்க வேண்டியது பேச்சை அன்று, பேச்சுக்கு முன்னால் வரும் செயல்களை. ஒரு வயதான பிள்ளையைப் பின்னாலிருந்து பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்க்கிறதா? ஒன்றரை வயதில் நிலாவையோ காகத்தையோ விரலாற் காட்டிவிட்டு, நீங்களும் பார்க்கிறீர்களா என்று உங்கள் முகத்தைப் பார்க்கிறதா? தண்ணீர் வேண்டுமென்றால் உங்கள் கையை ஒரு கருவியைப் போல் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் குடத்தில் வைத்துவிட்டு, உங்கள் முகத்தைப் பார்க்காமலே நிற்கிறதா? பதினாறு மாதத்தில் ஒரு சொல்லும் இல்லையென்றாலும், இரண்டு வயதில் தானாக இரு சொற்களைச் சேர்த்துப் பேசவில்லையென்றாலும் கிளினிக்கில் சொல்ல வேண்டும். முன்பு பேசிய சொற்கள் மறைந்துபோனால், எந்த வயதாயினும் ஒரு வாரமும் தாமதிக்கக் கூடாது.

எந்த நிலையிலும் முதலிற் செய்ய வேண்டியது செவிப்புலன் பரிசோதனை. காது கேளாத பிள்ளையும் பெயர் சொன்னால் திரும்பாது. தொலைக்காட்சி விளம்பரத்தின் இசைக்கு ஓடி வருகிறதே என்பதற்காக அப்பரிசோதனையைத் தவிர்க்க முடியாது.

பெண் பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கண்டறியப்படுவோரில் ஒரு பெண் பிள்ளைக்கு மூன்று அல்லது நான்கு ஆண் பிள்ளைகள் என்ற விகிதம் பல நாடுகளிலும் காணப்படுகிறது. அமைதியாக மூலையில் இருக்கும் பெண் பிள்ளையை “நல்ல பிள்ளை, வெட்கம்” என்று சொல்லி விட்டுவிடுவதும் அதற்கு ஒரு காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

இலங்கையில் 93 பிள்ளைகளில் ஒருவருக்கு ஓட்டிசம் என்பது சரியா?

பேராசிரியர் ஹேமமாலி பெரேராவும் அவரது குழுவினரும் 2009இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்த எண் அது. ஓர் அரைநகர்ப் பகுதியில் 18 முதல் 24 மாத வயதுடைய 374 பிள்ளைகளை அவர்கள் பார்த்தார்கள். 93இல் ஒன்று என்பது, அந்த 374 பேரில் நால்வர் என்பதுதான். நாடு முழுவதற்கும் உரிய எண்ணாக அது மேடைதோறும் சொல்லப்படுவது அந்த ஆய்வின் குற்றமன்று. உலக அளவிலான மதிப்பீடுகளும் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்று என்ற அளவிலேயே இருப்பதால் அது நம்பத்தகாத எண்ணும் அன்று.

அந்த ஆய்வின் மற்றைய முடிவே நமக்கு அதிகம் பயன்படும். சிறு பிள்ளைகளில் ஓட்டிசம் இருக்குமோ என்று முதற்கட்டமாகப் பார்க்கும் எம்-சாட் எனப்படும் கேள்வித்தாள் உலகெங்கும் பயன்படுத்தப்படுகிறது. தாய் “ஆம்” அல்லது “இல்லை” என்று விடை சொல்ல வேண்டும். இலங்கைத் தாய்மாரிடம் கேட்டபோது அக்கேள்வித்தாள் ஓட்டிசமுள்ள பிள்ளைகளில் நாலில் ஒரு பங்கினரையே பிடித்தது. ஒரு நடத்தையைச் சொற்களால் மட்டும் கேட்கும்போது, “சுட்டிக் காட்டுவானா?” என்றால் கையைப் பிடித்து இழுப்பதையும் சேர்த்து “ஓம்” என்று சொல்லிவிடுவது எளிது. பின்னர் அதே பேராசிரியரின் குழு படங்களைக் காட்டிக் கேட்கும் முறையொன்றை உருவாக்கி 2017இல் வெளியிட்டது. ஆகவே ஒரு கேள்வித்தாளில் “பிரச்சினை இல்லை” என்று வந்துவிட்டாலும், உங்கள் மனத்தில் ஐயம் இருந்தால் மீண்டும் கேளுங்கள்.

நான் கருவுற்றிருந்தபோது செய்த ஏதோ ஒன்றுதான் காரணமா?

இல்லை. 1950களிலும் 60களிலும் அன்பு காட்டாத தாய்மாரால் இது வருகிறது என்று மேலைநாட்டு மருத்துவர்களே எழுதினார்கள். அந்தக் கருத்தை 1964இல் அமெரிக்க உளவியலாளர் பேர்னார்ட் றிம்லாண்ட் தமது நூலில் மறுத்தார். அவரே ஓட்டிசமுள்ள மகனின் தந்தை. 1977இல் சூசன் ஃபோல்ஸ்ரீனும் மைக்கேல் றற்றரும் 21 இரட்டைச் சோடிகளை ஆராய்ந்து, மரபணுவின் பங்கு பெரியது என்று காட்டினர். ஐந்து நாடுகளில் இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளின் பதிவுகளைக் கொண்டு 2019இல் வெளியான ஆய்வு, மரபுவழிப் பங்கை ஏறத்தாழ 80 சதவீதம் என்று மதிப்பிட்டது. நூற்றுக்கணக்கான மரபணுக்கள் இதிற் பங்குகொள்கின்றன. குறைமாதப் பிறப்பு, பெற்றோரின் கூடிய வயது போன்றவை வாய்ப்பைச் சற்றே கூட்டுகின்றன.

போர்க்காலத்தையும் 2004 சுனாமியையும் காரணமாகச் சொல்லும் குடும்பங்கள் நம்மிடையே பல உண்டு. அந்த இழப்புகள் பெற்றோரின் மனத்தைத் தாக்கியிருப்பது உண்மை. அதற்குரிய உதவி வேறாகத் தேவை. பிள்ளையின் ஓட்டிசத்தை அவற்றின் கணக்கில் எழுதுவதற்கு ஆய்வு இடந்தரவில்லை. “உன்ர குடியில இருந்துதான் வந்தது” என்று தாய்வழியைக் குறை சொல்லும் வழக்கத்துக்கும் அதே விடைதான்: இரு பக்கத்து மரபணுக்களும் சேர்ந்தே ஒரு பிள்ளை பிறக்கிறது, பல சந்தர்ப்பங்களில் பெற்றோர் இருவரிடமும் இல்லாத புதிய மரபணு மாற்றமும் உண்டாகிறது.

தடுப்பூசி போட்ட பின்னர்தான் பேச்சு நின்றது என்று நினைக்கிறோம்.

சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா ஆகியவற்றைத் தடுக்கும் எம்எம்ஆர் தடுப்பூசி இலங்கையில் ஒன்பதாம் மாதத்திலும் மூன்றாம் வயதிலும் போடப்படுகிறது. ஓட்டிசத்தின் அடையாளங்கள் வெளித்தெரிவதும் இவற்றுக்கு இடைப்பட்ட காலத்திலேயே. இரண்டும் அருகருகே வருவதால் ஒன்றால் மற்றது வந்ததாகத் தோன்றுகிறது. 1998இல் 12 பிள்ளைகளை மட்டும் வைத்துப் பிரித்தானிய மருத்துவர் அன்ட்றூ வேக்ஃபீல்ட் எழுதிய கட்டுரையிலிருந்து இந்த அச்சம் பரவியது. அதை வெளியிட்ட லான்செற் மருத்துவ இதழே 2010இல் அதனை மீளப் பெற்றது; அவர் பிரித்தானிய மருத்துவப் பதிவேட்டிலிருந்தும் நீக்கப்பட்டார். டென்மார்க்கில் 657,461 பிள்ளைகளைப் பின்தொடர்ந்து 2019இல் வெளியான ஆய்வில், ஊசி போட்டவருக்கும் போடாதவருக்கும் வேறுபாடு காணப்படவில்லை.

கைத்தொலைபேசியால் வந்ததா?

திரை ஓட்டிசத்தை உண்டாக்குகிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. ஆனால் நீண்ட நேரம் திரையின் முன் இருக்கும் பிள்ளை, மனிதரோடு பேசிப் பழகும் நேரத்தை இழக்கிறது. ஓட்டிசமுள்ள பிள்ளைக்கு அந்த இழப்பு இன்னும் பெரிது. கார்ட்டூன் பார்த்து ஆங்கிலத்தில் நிறங்களையும் எண்களையும் வரிசை பிசகாமல் சொல்லும் மூன்று வயதுப் பிள்ளை, தாகம் எடுத்தால் “தண்ணி” என்று கேட்காமல் அழும் காட்சி இங்குள்ள கிளினிக்குகளில் எவருக்கும் புதிதன்று. இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், அதிலும் குறைவு நல்லது என்பது உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்ன அளவு. போனைத் திடீரென்று பறிப்பதைவிட, சாப்பாட்டு நேரத்திலிருந்து தொடங்கிப் படிப்படியாகக் குறைப்பது நடைமுறைக்கு ஏற்றது.

பேச்சு மொழிச் சிகிச்சையாளரைக் காண மாதக்கணக்கிற் காத்திருக்க வேண்டியுள்ளது. அதுவரை வீட்டில் என்ன செய்ய முடியும்?

ஆய்வுகள் நமக்கு மிகவும் உதவுவது இந்தக் கேள்வியிலேயே என்பதால் சற்று விரிவாக எழுதுகிறோம். தமிழில் சிகிச்சை தரக்கூடிய பேச்சு மொழிச் சிகிச்சையாளர் மிகக் குறைவு. கிழக்கில் அந்தக் குறை ஒரு வருடத்தில் தீரப்போவதில்லை. இதே நிலையிலுள்ள வேறு தெற்காசிய ஊர்களில், சிகிச்சையாளர் பிள்ளைக்கு நேரடியாகச் செய்வதற்குப் பதிலாக, பிள்ளையோடு நாள் முழுவதும் இருப்பவருக்குப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள்.

இந்தியாவின் கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 பிள்ளைகளோடு நடந்து 2016இல் வெளியான பாஸ் (PASS) எனப்படும் ஆய்வு அத்தகையது. பயிற்சி கொடுத்தவர்கள் நிபுணர்கள் அல்லர். மேற்பார்வையோடு பயிற்றப்பட்ட சாதாரண சுகாதாரப் பணியாளர்கள். பன்னிரண்டு அமர்வுகள் நடந்தன. ஒவ்வோர் அமர்விலும் பெற்றோர் பிள்ளையோடு விளையாடுவதைக் காணொளியாக எடுத்து, அதைப் பெற்றோரோடு சேர்ந்து பார்த்து, எந்தக் கணத்தில் பிள்ளை திரும்பிப் பார்த்தது, அதற்குச் சற்று முன்னர் தாய் என்ன செய்தார் என்று கண்டுபிடித்தார்கள். பயிற்சி பெற்ற பெற்றோர் பிள்ளையின் போக்குக்கு இசைந்து பதிலளிப்பது தெளிவாகக் கூடியது. பிள்ளைகள் தாமாகத் தொடர்புகொள்ளத் தொடங்குவதும் கூடியது. பெற்றோரும் பிள்ளையும் ஒரே பொருளில் சேர்ந்து கவனம் வைக்கும் நேரம் மட்டும் குறைந்தது. இது எதிர்பாராத முடிவு, மறைக்க வேண்டியதும் இல்லை.

இதன் மூலமுறையான பிரித்தானிய பக்ற் (PACT) ஆய்வு 152 பிள்ளைகளோடு நடந்தது. 2010இல் முதல் முடிவு வந்தபோது ஓட்டிச அடையாளங்களில் பெரிய மாற்றம் இல்லை என்று பலர் ஏமாற்றமடைந்தனர். ஆனால் ஏறத்தாழ ஆறு ஆண்டுகளின் பின் அதே பிள்ளைகளைத் தேடிப் பார்த்து 2016இல் வெளியிட்டபோது, பயிற்சி பெற்ற குடும்பங்களின் பிள்ளைகளில் அடையாளங்களின் கடுமை குறைந்திருந்தது. மூன்று மாதத்தில் மாற்றம் தெரியவில்லை என்று கைவிடும் பெற்றோருக்கு இந்த முடிவை நாங்கள் வற்புறுத்திச் சொல்வோம். இலங்கையிலும் தாய்மார் வீட்டில் செய்யும் பயிற்சியைப் பற்றிப் பெரேரா குழுவினர் 2016இல் வெளியிட்ட ஆய்வு நல்ல முன்னேற்றத்தையே காட்டியது. இரண்டு முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளின் பராமரிப்பாளருக்காக உலக சுகாதார நிறுவனம் வகுத்த பயிற்சித் திட்டமும் ஒன்பது குழு அமர்வுகளும் மூன்று வீட்டு வருகைகளும் கொண்டது. நிபுணரல்லாதோர் நடத்துவதற்காகவே அது எழுதப்பட்டது.

அந்தப் பயிற்சி வீட்டில் எப்படி இருக்கும் என்று கேட்டால், ஓர் எடுத்துக்காட்டு. மூன்று வயது மகன் பிளாஸ்டிக் ஓட்டோவைக் கவிழ்த்துப் போட்டு, அதன் சில்லை விரலாற் சுற்றிக்கொண்டிருக்கிறான். நாம் வழக்கமாக ஓட்டோவை நிமிர்த்திக் கொடுத்து, “இப்பிடி ஓட்டு மகன், இது என்ன கலர், சொல்லு, சொல்லு” என்போம். அவன் முதுகைத் திருப்பிக்கொள்வான். பயிற்சி சொல்வது வேறு. பாயில் அவனுக்கு எதிரே, அவன் கண்மட்டத்துக்குத் தாழ்ந்து இருங்கள். அவன் சுற்றும்போது “சுத்துது” என்று ஒரே ஒரு சொல் சொல்லுங்கள். சில்லு நின்றதும் “நிண்டுட்டு” என்று சொல்லிவிட்டு வாய்மூடிக் காத்திருங்கள். ஐந்து விநாடி, பத்து விநாடி போகலாம். பெரியவர்களுக்குக் கடினமான பகுதி அதுதான். அவன் ஒரு கணம் உங்கள் முகத்தைப் பார்த்தாலோ, உங்கள் விரலைச் சில்லை நோக்கித் தள்ளினாலோ, அதுவே அவன் பேச்சு. உடனே சுற்றிக் காட்டி “சுத்துது” என்று சொல்லுங்கள். கேள்வி கேட்பதைக் குறைத்து, அவன் கவனம் எங்கே இருக்கிறதோ அங்கே நாம் போவதே முறையின் சாரம். நாளொன்றுக்கு அரை மணி நேரத்தை இதற்கென ஒதுக்கி, குளிக்க வார்க்கும்போதும் சோறு ஊட்டும்போதும் அதையே தொடரலாம்.

வாரத்துக்கு 40 மணி நேரம் சிகிச்சை வேண்டும் என்கிறார்களே?

நடத்தைச் சிகிச்சை பற்றி 1987இல் அமெரிக்க உளவியலாளர் லோவாஸ் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்த எண் அது. தீவிர சிகிச்சை பெற்றவர்கள் 19 பிள்ளைகள். அவர்கள் குலுக்கல் முறையில் தெரிவு செய்யப்படவில்லை. தண்டனையும் அச்சிகிச்சையின் ஒரு பகுதியாக இருந்தது. 144 ஆய்வுகளைத் தொகுத்து 2024இல் வெளியான பகுப்பாய்வு, மணி நேரம் கூடக்கூடப் பயன் கூடும் என்பதற்குச் சான்று காணவில்லை. காணியை ஈடு வைத்துக் கொழும்பில் வாடகைக்கு வீடெடுக்கும் முன் இதை ஒரு தடவை எண்ணிப் பாருங்கள்.

தாய் வெளிநாட்டில்; பிள்ளை அம்மம்மாவோடு. பயிற்சி யாருக்கு?

அம்மம்மாவுக்கு. முஸ்லிம் வீடாயின் உம்மம்மாவுக்கு. மேலைநாட்டு ஆய்வுகள் “பெற்றோர்” என்று எழுதும் இடத்தில் நாம் “நாள் முழுவதும் கூட இருப்பவர்” என்று வாசிக்க வேண்டும். மகளுக்கு வீடு கொடுத்து மாப்பிள்ளையை அந்த வீட்டுக்கு எடுக்கும் வழக்கம் நமது கரையோரத்தில் இன்னும் பலமாக இருப்பதால், தாயின் தாயும் பெரியம்மாவும் சின்னம்மாவும் ஒரே வளவிலோ அடுத்த வளவிலோ இருக்கிறார்கள். தனிக் குடித்தனமாக வாழும் ஒரு கொழும்புத் தாய்க்கு இல்லாத பலம் அது. ஆனால் அதே வளவுக்குள் ஒருவர் காத்திருக்கச் சொல்லி, மற்றவர் அழுதவுடன் போனைக் கொடுத்தால் பயிற்சி கெட்டுவிடும். கிளினிக்குக்குப் போகும்போது தாய் மட்டும் போகாமல், முடிவெடுக்கும் மூத்தவரையும் அழைத்துப் போவது நல்லது. கட்டாரிலோ சவூதியிலோ இருக்கும் தகப்பனுக்கு, வீட்டில் எடுத்த காணொளியை அனுப்பி அதைப் பற்றிப் பேசலாம், “ஏன் இன்னும் பேசேல்ல?” என்று மட்டும் கேட்கும் தொலைபேசி அழைப்பு தாயைத்தான் நோகடிக்கும்.

ஓட்டிசமுள்ள பிள்ளைகளின் தாய்மாரிடம் மனச்சோர்வு கூடுதலாகக் காணப்படுகிறது என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகின்றன. எல்லாவற்றையும் தாயின் தலையில் சுமத்துவதற்கு “குடும்பப் பயிற்சி” என்ற பெயர் பொருந்தாது. நித்திரை வராமல், அழுகை நிற்காமல் இருந்தால் தாயும் மருத்துவரைக் காண வேண்டும்.

வீட்டில் தமிழ், பாலர் பாடசாலையில் ஆங்கிலம், அம்பாறை ஆஸ்பத்திரியில் சிங்களம். ஒரு மொழியை விட்டுவிட வேண்டுமா?

வேண்டியதில்லை. இரு மொழிகளைக் கேட்டு வளரும் ஓட்டிசமுள்ள பிள்ளைகள் ஒரு மொழி மட்டும் கேட்பவரைவிடப் பின்தங்கவில்லை என்றே ஆய்வுகள் கண்டுள்ளன. பிள்ளையோடு யார் பேசினாலும் தமக்கு இயல்பாக வரும் மொழியிற் பேச வேண்டும். தாலாட்டுப் பாடிய வாய், பாதி தெரிந்த ஆங்கிலத்தில் “கம், சிற்” என்று மட்டும் பேசத் தொடங்குவது பெரிய இழப்பு.

பூரணமாகச் சுகப்படுத்துவதாகச் சொல்லும் சிகிச்சைகளை நம்பலாமா? நூல் கட்டலாமா?

ஓட்டிசத்தின் அடிப்படை இயல்புகளை மாற்றும் மருந்து எதுவும் இல்லை. கடுமையான எரிச்சலுக்கும் தன்னைத்தானே காயப்படுத்துவதற்கும் றிஸ்பெரிடோன் போன்ற மருந்துகளை மருத்துவர் தரலாம். வலிப்பு இருந்தால் அதற்குத் தனி மருந்து வேண்டும். உடலிலிருந்து உலோகத்தை அகற்றுவதாகச் சொல்லும் சிகிச்சையில் 2005இல் அமெரிக்காவில் ஐந்து வயதுப் பிள்ளை ஒன்று இறந்தது. வெளிறச் செய்யும் (பிளீச்) திரவத்தைக் குடிக்கக் கொடுப்பது நேரே நஞ்சூட்டுவதாகும். கோதுமை, பால் தவிர்க்கும் உணவு முறைக்குப் போதிய சான்று இல்லை. ஏற்கெனவே சோறும் ஒரு பொரியலும் மட்டும் உண்ணும் பிள்ளையிடமிருந்து பாலையும் எடுத்துவிட்டால் சத்துக்குறைவுதான் மிஞ்சும்.

நூல் கட்டுவதும், ஓதிப் பார்ப்பதும், மாமாங்கக் கோயிலில் நேர்த்தி வைப்பதும் குடும்பத்துக்கு ஆறுதல் தருமாயின் அதை நாங்கள் தடுக்கப்போவதில்லை. பிள்ளைக்கு எதையும் பருகக் கொடுக்காமலும், அடிக்காமலும், கிளினிக் திகதியைத் தவறவிடாமலும் அது நடக்க வேண்டும்.

பாலர் பாடசாலையில் சேர்க்க மறுக்கிறார்கள்.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், கல்வி நிலையத்தில் சேர்ப்பதில் இயலாமையைக் காரணமாக்கிப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. சட்டத்தைக் காட்டிச் சேர்த்த பிள்ளை அங்கே மூலையில் இருத்தப்பட்டால் பயனில்லை என்பதால், ஆசிரியையோடு முதலிற் பேசுங்கள். தொடக்கத்தில் ஒரு மணி நேரம் மட்டும் விடுதல், அன்றைய வேலைகளை வரிசையாகப் படத்திற் காட்டுதல், சத்தம் கூடும்போது ஒதுங்க ஓர் இடம் தருதல் ஆகிய மூன்றுக்கும் பணம் தேவையில்லை. பெரிய பாடசாலைக்கு வரும் வயதில், விசேட கல்வி அலகுள்ள பாடசாலைகளைப் பற்றி வலயக் கல்வி அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

கண் மூடித் திறப்பதற்குள் வெளியே ஓடிவிடுகிறான்.

இதை எவ்வளவு கடுமையாகச் சொன்னாலும் தகும். 2012இல் வெளியான அமெரிக்க ஆய்வில், நான்கு வயதுக்குப் பின் ஓட்டிசமுள்ள பிள்ளைகளில் ஏறத்தாழ பாதிப்பேர் ஒரு தடவையாவது இவ்வாறு ஓடிப்போக முயன்றிருந்தனர். இப்படிப் போகும் பிள்ளைகள் உயிரிழப்பது பெரும்பாலும் நீரில் மூழ்கியே. பலருக்குத் தண்ணீரில் மிகுந்த ஈர்ப்பு உண்டு. நமக்கோ ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல், இடையில் கட்டில்லாத கிணறும் வயல் வாய்க்காலும். கிணற்றுக்குக் கட்டும் மூடியும், படலைக்கு உயரத்தில் கொளுக்கியும் போடுங்கள். பிள்ளை காணாமற்போனால் வீதியில் தேடுவதற்கு முன் நீர் உள்ள இடத்துக்கு ஓடுங்கள். அயலவருக்கும் மீன்பிடிப்பவருக்கும் பிள்ளையைக் காட்டி, “கூப்பிட்டால் திரும்பமாட்டான்” என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

அடுத்த பிள்ளைக்கும் வருமா?

மூத்த பிள்ளைக்கு ஓட்டிசம் இருந்தால், அடுத்த பிள்ளைக்கு இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒன்று. 664 குழந்தைகளைப் பின்தொடர்ந்த 2011ஆம் ஆண்டு ஆய்வு 18.7 சதவீதம் என்றது. ஐந்தில் நான்கு பேருக்கு இல்லை என்பதும் அதே கணக்குத்தான். அக்குழந்தையை ஒன்பதாம் மாதத்திலிருந்தே கூர்ந்து கவனித்தால் போதும்.

எங்கே தொடங்குவது? என்ன கொண்டுபோவது?

உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் தொடங்குங்கள். அவர் உங்களைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு அனுப்புவார். அங்கிருந்து மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை, கல்முனை, அம்பாறை போன்ற இடங்களிலுள்ள சிறுவர் வைத்திய நிபுணரிடம் போகலாம். வருமானம் குறைந்த குடும்பமாயின், பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் மாற்றுத்திறனாளிகளுக்கான உதவிப்பணத்தைப் பற்றியும் கேளுங்கள்.

பிறந்தபோது தந்த கிளினிக் புத்தகத்தையும், செவிப்புலன் பரிசோதனை முடிந்திருந்தால் அதன் அறிக்கையையும் எடுத்துச் செல்லுங்கள். அத்தோடு வீட்டில் எடுத்த மூன்று சிறு காணொளிகளும் வேண்டும்: பிள்ளை தனியே விளையாடுவது, பெயர் சொல்லி அழைக்கும்போது என்ன செய்கிறது, சாப்பிடும் நேரம். புதிய இடத்தில் அழுதுகொண்டிருக்கும் பிள்ளையைப் பத்து நிமிடம் பார்த்து மருத்துவர் அறிய முடியாததை அவை காட்டும். பிள்ளை பசியோடும் நித்திரையோடும் இல்லாத நேரத்துக்கு இலக்கம் கிடைக்குமா என்று முதல் நாளே கேட்டு வையுங்கள்.